இந்திய நகரங்களின் செலவு கூடியிருக்கிறது: அதை நம்பி வெள்ளவத்தையில் எவ்வளவு சரக்கு இறக்கலாம்?

கேள்வி சுருக்கமாக இதுதான். வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு புடவைக் கடை. இதுவரை உள்ளூர் வாடிக்கையாளரை வைத்தே ஓடியது. இப்போது கடைக்குள் இந்தியர் வருவது கூடியிருக்கிறது. இந்தியாவில் நகரத்து நடுத்தரக் குடும்பங்கள் முன்னைவிட அதிகம் செலவழிக்கிறார்கள் என்ற செய்தியும் அடிக்கடி கண்ணில் படுகிறது. வங்கியில் 15 இலட்சம் எடுத்து, அவர்களை நம்பிச் சேலையும் உடுப்பும் இறக்கலாமா?

15 இலட்சத்துக்கு வேண்டாம். ஒரே ஒரு அலுமாரிக்கு, 3 இலட்சத்துக்குள், சேலையை விட்டுவிட்டு, கைக்காசில் தொடங்குங்கள். செலவு கூடியது உண்மைதான். ஆனால் கூடிய காசு எங்கே போகிறது என்று பார்த்தால், உங்கள் கடை வரைக்கும் வந்து சேரும் பங்கு செய்திகளைப் படிக்கும்போது தோன்றுவதைவிட மிகச் சிறியது. எப்படிச் சொல்கிறேன் என்பதை விரிவாக எழுதுகிறேன். பதிலைவிட இந்தக் கணக்கைத் தெரிந்துவைத்தால்தான் அடுத்த வருடமும் நீங்களே முடிவெடுக்கலாம்.

முதலில், எல்லோரும் தூக்கிப் பிடிக்கும் எண். இந்தியப் புள்ளியியல் அமைச்சு நடத்தும் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, நகரத்தில் ஓர் ஆளின் மாதச் செலவு 2011-12 இல் 2,630 இந்திய ரூபா. 2022-23 இல் 6,459. அதற்கடுத்த வருடம் 6,996. இடையில் 2017-18 இல் எடுத்த ஆய்வை, தரவின் தரம் சரியில்லை என்று அரசு வெளியிடாமலே விட்டது. அதனால்தான் பதினொரு வருடம் தாவி ஒப்பிட வேண்டியிருக்கிறது. 2,630 இலிருந்து 6,459 என்றால் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விலையேற்றத்தைக் கழித்து, 2011-12 விலையிலேயே கணக்கிட்டால் அந்த 6,459 வெறும் 3,510 ஆகிவிடுகிறது. பதினொரு வருடத்தில் 33 வீத உயர்வு. வருடத்துக்கு என்று பிரித்தால் 3 வீதத்துக்கும் குறைவு.

இது கொழும்பு வியாபாரிக்கு விளங்காத விஷயமல்ல. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம் வரை போனது. அந்தக் காலத்து பில் புத்தகத்தை எடுத்து ரூபாக் கணக்கை மட்டும் பார்த்தால் விற்பனை நின்ற மாதிரியே தெரியாது. எத்தனை துண்டு போனது என்று எண்ணினால்தான் உண்மை தெரியும். இந்தியச் செலவுக் கணக்கையும் அதே கண்ணால் பாருங்கள்.

அடுத்தது சராசரி செய்யும் மயக்கம். மேலே சொன்னது ஆள்வீதக் கணக்கு. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 2022-23 இல் மாதம் 25,836 இந்திய ரூபா. (இந்தப் பதில் முழுக்க 1 இந்திய ரூபாவுக்கு 3.50 இலங்கை ரூபா என்று எடுத்திருக்கிறேன். அன்றைய வீதத்தைப் போட்டு நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள்.) நம் காசில் ஏறக்குறைய 90,000. இந்தக் குடும்பம் கொழும்புக்கு விமானம் ஏறாது. நகரத்தில் ஆகக் கீழே உள்ள 5 வீதத்தாரின் ஆள்வீதச் செலவு 2,001. ஆக மேலே உள்ள 5 வீதத்தாரின் செலவு 20,824. ஒரே நகரத்துக்குள் பத்து மடங்கு இடைவெளி. தமிழ்நாட்டு நகரங்களின் சராசரி 7,630, அகில இந்திய நகரச் சராசரியைவிட மேலே. உங்கள் கடைக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் பெரும்பாலும் மேல் படிகளில் இருப்பவர். அவருக்குச் சென்னை தியாகராய நகரும் ஒரு ஓட்டோத் தூரம்தான், துபாயும் சிங்கப்பூரும் போய்வரக்கூடிய இடம்தான். வாங்கும் சக்தி அவரிடம் இருக்கிறது. உங்களிடம்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை.

இனி, கூடிய காசு எதில் போகிறது. நகரக் குடும்பச் செலவில் உணவின் பங்கு 1999-2000 இல் 48.06 வீதம், 2011-12 இல் 42.62, 2022-23 இல் 39.17. உணவுக்குள்ளேயே பெரிய இடமாற்றம் நடந்திருக்கிறது. அரிசி, கோதுமை போன்ற தானியங்களின் பங்கு 2011-12 இல் 6.66 வீதமாக இருந்து 3.64 ஆக இறங்கியது; பானங்களும் பக்கற்றில் வரும் தயாரித்த உணவும் 8.98 இலிருந்து 10.64 ஆக ஏறின. தானியத்துக்குக் கொடுப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு, குளிர்பானத்துக்கும் பிஸ்கட்டுக்கும் வெளிச் சாப்பாட்டுக்கும் போகிறது. உணவுக்கு வெளியே, போக்குவரத்துக்கு மட்டும் 8.59 வீதம், வாடகைக்கு 6.56. இவற்றில் பெரும்பகுதி நாளாந்தம், மாதாந்தம் தானாக வெளியேறும் காசு. கடைக்குள் நின்று யோசித்து எடுக்கும் செலவு இல்லை.

இந்த ஆய்வில் கடன் தவணை நுகர்வுச் செலவாகச் சேராது என்பதையும் கவனியுங்கள். சென்னையிலோ பெங்களூரிலோ 50 இலட்சம் வீட்டுக் கடன், 8.5 வீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை 43,391 இந்திய ரூபா. செலவுக் கணக்கில் இல்லாத இந்தத் தொகைதான் அந்த வீட்டின் மற்ற எல்லா முடிவையும் கட்டிப்போடுகிறது.

அதற்குமேல் சிறு தவணைகள். இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் ‘வட்டியில்லாத் தவணை’ என்பதுதான் இந்திய நகரங்களில் கைபேசி, தொலைக்காட்சி, குளிரூட்டி விற்பனையைத் தள்ளிக்கொண்டு போகும் யந்திரம். கொழும்பிலும் அதே வடிவம் வந்துவிட்டது. இந்தியாவில் 60,000 இந்திய ரூபாக் கைபேசி, 6 மாதம், மாதம் 10,000 என்று வையுங்கள். வங்கி வட்டியை விடுவதில்லை. வருடத்துக்கு 15 வீத வட்டி என்றால், மாதம் 10,000 வீதம் ஆறு தவணைக்கு ஈடான கடன் 57,460 தான். மீதி 2,540 வட்டி. அந்த 2,540 ஐ உற்பத்தியாளரோ கடைக்காரரோ விலைக் கழிவாக முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார். அதனால் வாங்குபவரின் கண்ணுக்குக் கணக்கு 60,000 இல் நேராகிறது. ஆனால் வட்டியின்மேல் 18 வீத ஜிஎஸ்டி (இந்தியாவின் பொருள், சேவை வரி), 457 ரூபா, அவர் தலையில். செயல்முறைக் கட்டணம் 199 என்றால் அதன் வரியோடு 235. ஆக 692 ரூபா கூடப் போகிறது. கைக்காசுக்கு வாங்கினால் கிடைத்திருக்கக்கூடிய கழிவும் போய்விடுகிறது. தொகை சிறியதுதான். அடுத்த ஆறு மாதச் சம்பளத்தில் 10,000 முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டுவிட்டது என்பதுதான் பெரிய விஷயம். இப்படி மூன்று தவணை ஒரே நேரத்தில் ஓடும் வீட்டில் வருமானம் நன்றாக இருந்தாலும் அந்த மாதத்தில் விரும்பிச் செலவழிக்க மிஞ்சுவது கொஞ்சம்.

நாட்டளவிலும் இதன் நிழல் தெரிந்தது. குடும்பங்களின் தேறிய நிதிச் சேமிப்பு (வாங்கிய கடனைக் கழித்தபின் மிஞ்சுவது) 2020-21 இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11 வீதத்துக்குமேல் இருந்தது. 2022-23 இல் 5 வீதமளவுக்கு இறங்கியது. முதல் எண் கொரோனாக் காலத்தில் செலவழிக்க வழியில்லாமல் சேர்ந்தது, ஆகவே வீழ்ச்சி முழுவதையும் ஊதாரித்தனம் என்று சொல்வது பிழை. வீடும் வாகனமும் கடனுக்கு வாங்கினாலும் இந்த எண் இறங்கும். ஆனாலும் ஈடில்லாத் தனிநபர் கடன் வளரும் வேகத்தைக் கண்ட இந்திய ரிசர்வ் வங்கி, 2023 நவம்பர் 16 இல் அந்தக் கடன்களுக்கான அபாய நிறையை 100 இலிருந்து 125 வீதமாக உயர்த்தியது. அதாவது, வங்கி அதே கடனுக்கு இன்னும் அதிக மூலதனத்தை ஒதுக்க வேண்டும். அதனால் கடன் கொடுப்பதில் கை இறுகியது.

மறுபக்கம், கைக்குப் புதிதாக வந்த காசும் உண்டு. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் வருடம் 12 இலட்சம் வரை வருமான வரி இல்லை. சம்பளக்காரருக்கு நிலையான கழிவோடு 12.75 இலட்சம். 2025 செப்டெம்பர் 22 இல் ஜிஎஸ்டி அடுக்குகள் மாறி, சிறிய கார், குளிரூட்டி, 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சி எல்லாம் 28 இலிருந்து 18 வீதத்துக்கு வந்தன. விலை இறங்கிய பொருளைப் பாருங்கள்: எல்லாம் அவர்கள் ஊரில், அவர்கள் வீட்டுக்கு வாங்கும் பெரிய சாமான்கள். வரியில் மிஞ்சிய காசின் முதல் இழுப்பு அந்தப் பக்கம்தான்.

அந்த வரி மாற்றத்தில் உங்களுக்கு நேராகத் தேவையான விவரம் ஒன்று இருக்கிறது. இந்தியாவில் தைத்த உடுப்பு ஒன்று 2,500 ரூபா வரை என்றால் ஜிஎஸ்டி 5 வீதம். அதற்கு மேல் 18 வீதம். இங்கே 2024 ஜனவரி முதல் வற் வரி 18 வீதம், விலை எதுவானாலும். அப்படியென்றால் 2,500 இந்திய ரூபாவுக்கு, அதாவது நம் 8,750 ரூபாவுக்குக் கீழே உள்ள உடுப்பில் நீங்கள் தொடக்கத்திலேயே 13 வீதப் புள்ளி பின்னால் நிற்கிறீர்கள். அதற்கு மேலே போனால் வரியில் இரண்டு பக்கமும் சமம். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத்தெருவில் மொத்தமாக எடுத்த 3,000 ரூபா குர்தாவை இந்தியருக்கு விற்க முயலாதீர்கள். அதைவிட மலிவாக அவர் வீட்டுத் தெருமுனையில் கிடைக்கிறது. காஞ்சிபுரம், பனாரஸ் சேலையும் அப்படித்தான்: இந்தியாவிலிருந்து வந்து, இறக்குமதி வரியும் செலவும் ஏறி, திரும்ப இந்தியருக்கே விற்க வேண்டும். கல்யாணச் சேலை எடுக்கும் உள்ளூர்க் குடும்பத்துக்கு அதை வைத்திருங்கள், அது வேறு கணக்கு.

2024 இல் இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் ஏறக்குறைய 20 இலட்சத்து 53 ஆயிரம். அதில் 4 இலட்சத்து 16 ஆயிரத்துக்கு மேல் இந்தியர், ஐந்தில் ஒருவர். ஆட்தொகை இருக்கிறது. ஆனால் கொழும்பில் அவர்கள் நிற்கும் நேரம் குறைவு. நுவரெலியா, சீதாஎலிய, கண்டி என்று சுற்றிவிட்டுக் கடைசி நாள் இங்கே வருபவர் பெட்டியில் மிச்சமிருக்கும் இடத்தையும் எடையையும் பார்த்துத்தான் வாங்குவார். ‘இது இலங்கையில்தான் கிடைக்கும்’ என்று ஊரில் போய்ச் சொல்லக்கூடிய பொருளாக இருக்க வேண்டும். உடுப்புக் கடையில் அந்த இடத்துக்குப் பொருந்துவது கைத்தறி, பத்திக், நல்ல தரத்தில் இங்கேயே தைத்த பருத்தி உடுப்பு. சட்டை, குழந்தைகளின் கவுண், சால்வை, கடற்கரைக்குக் கட்டும் துணி. மடித்தால் ஒரு உள்ளங்கை உயரத்துக்கு மேல் வரக்கூடாது.

பத்திக் எடுக்கும்போது இரண்டு சோதனை செய்யாமல் காசு கொடுக்காதீர்கள். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, துணியின் ஆகக் கடுமையான நிறத்தின்மேல் பத்துத் தரம் அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் நிறம் தெளிவாக ஏறினால் அந்தத் தொகுதி வேண்டாம். முதல் சலவையிலேயே அவருடைய மற்ற உடுப்பைக் கெடுக்கும், திருப்பிக்கொடுக்க அவர் சென்னையிலிருந்து வர முடியாது, இணையத்தில் எழுதத்தான் முடியும். இரண்டாவது, துணியைக் கையில் கசக்கி விடுங்கள். மெழுகு சரியாகக் கொதித்துக் கழன்றிருந்தால் துணி மெத்தென்று விழும். மெழுகு மிஞ்சியிருந்தால் விறைப்பாக நிற்கும், மடிப்பில் வெண்மையான கோடு தெரியும், மூடிய அலுமாரியில் மணக்கும். அளவுச் சீட்டில் எஸ், எம், எல் மட்டும் போதாது. மார்பளவை அங்குலத்திலும் சென்ரிமீற்றரிலும் எழுதுங்கள். வேறு ஊர் அளவில் பழகியவர், போட்டுப் பார்க்க நேரமில்லாதபோது எண்ணைப் பார்த்துத்தான் எடுப்பார்.

இப்போது கடன் கணக்கு. ஒரு துண்டின் கொள்விலை 4,500, விற்பனை விலை வற் உட்பட 8,850 என்று வையுங்கள். கடை வற்றுக்குப் பதிவானது என்றால் வரி போக உங்களுக்கு 7,500. மொத்த இலாபம் துண்டுக்கு 3,000. 15 இலட்சத்தை 12 வீத வட்டிக்கு 24 மாதத்தில் கட்டுவதானால் மாதத் தவணை ஏறக்குறைய 70,600. 3,000 ஆல் பிரித்தால் மாதம் 24 துண்டு. இது இப்போது விற்பதற்கு மேலதிகமாக, தள்ளுபடி இல்லாமல், புதிதாக வரும் ஆளுக்கு விற்க வேண்டிய 24. வாடகையும் லைட் பில்லும் சம்பளமும் இதில் சேரவில்லை. 10 வீதம் குறைத்து விற்றால் கைக்கு வருவது 6,750, இலாபம் 2,250. அதே தவணைக்கு 32 துண்டு வேண்டும். விலையில் 10 வீதம் விட்டால் இலாபத்தில் கால்வாசி போகிறது என்பதைக் கவுண்டரில் நிற்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

காசு வாங்கும் முறையிலும் விற்பனை நழுவும். 2024 பெப்ரவரி 12 முதல் இந்தியாவின் யூபிஐ இங்கே லங்கா கியூஆர் வழியாக வேலை செய்கிறது. இந்திய நகரத்தில் தேநீருக்கும் கீரைக்கும் கைபேசியால் கட்டிப் பழகியவர் கியூஆர் இருந்தால் யோசிக்காமல் எடுப்பார். ஆனால் மூன்று இடத்தில் சிக்கும். உங்கள் வங்கி தந்த கியூஆர் யூபிஐயை ஏற்குமா என்று முதலில் வங்கியில் கேட்டு உறுதிசெய்யுங்கள். கியூஆர் ஒட்டியிருப்பது மட்டும் போதாது. அவர் தன் செயலியில் சர்வதேச யூபிஐ வசதியை இயக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டணம் போகாது. அவர் கைபேசிக்கு இணையம் வேண்டும். ரோமிங் இல்லாமல் வந்தவருக்குக் கடையின் வைஃபை கடவுச்சொல்லைக் கவுண்டரில் எழுதி வைத்தால் அந்தக் கணமே விற்பனை முடியும். அவர் திரையில் காட்டும் பச்சை அடையாளத்தை நம்பிப் பொதியைக் கொடுக்க வேண்டாம். உங்கள் பக்கத்துக்குச் செய்தி வந்ததா என்று பாருங்கள்.

கடனட்டை என்றால் இயந்திரம் இந்திய ரூபாவிலா இலங்கை ரூபாவிலா என்று சில வேளை கேட்கும். இலங்கை ரூபாவை அழுத்தச் சொல்லுங்கள். மற்றதில் மாற்று வீதம் அவருக்குப் பாதகமாகத்தான் வரும். அட்டைக்கு 3 வீதம் கூட என்று கேட்கும் பழக்கம் கடையில் இருந்தால் நிறுத்திவிடுங்கள். அது அட்டை நிறுவனங்களின் விதிக்கும் மாறானது, அவருடைய வங்கியும் ஏற்கனவே அந்நியச் செலாவணிக் கட்டணம் பிடிக்கும். விலைச் சீட்டில் இலங்கை ரூபாவை மட்டும் அச்சடித்து, பக்கத்தில் சிறு பலகையில் அன்றைய மாற்றுக் கணக்கை எழுதி வையுங்கள். 8,850 என்று பார்த்துத் திகைத்தவர், அது தன் காசில் 2,530 அளவுதான் என்று தெரிந்ததும் நிற்பார்.

காலம் பற்றி ஒரு பிழையான எண்ணம் இருக்கிறது. தீபாவளிக்கு இந்தியர் நிறையச் செலவழிக்கிறார்கள், ஆகவே ஒக்டோபரில் சரக்கு நிரப்புவோம் என்று நினைப்பது. தீபாவளிச் செலவு அவர்கள் வீட்டில், அவர்கள் ஊர்க் கடையில் நடக்கிறது. ஆடி மாதம் தமிழ்நாடு முழுக்கத் தள்ளுபடி. அப்போது உங்கள் விலை எதுவும் மலிவாகத் தெரியாது. உங்களுக்கு வேண்டியது அவர்கள் ஊரைவிட்டு வெளிக்கிடும் நாட்கள்: ஏப்ரல், மே மாதத்துப் பாடசாலை விடுமுறை, டிசம்பர் கடைசி, வெள்ளி அல்லது திங்களோடு ஒட்டிவரும் நீண்ட வார இறுதிகள். சென்னையிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம்தான் என்பதால் இந்த வார இறுதிகளை இலேசாக எண்ண வேண்டாம்.

செய்யவேண்டியது இவ்வளவு. 60 துண்டு எடுங்கள். 4,500 வீதம் 270,000. ஏப்ரல் தொடக்கத்தில் வாசலுக்குப் பக்கத்து அலுமாரியில் வையுங்கள், உள்ளூர்ச் சரக்கோடு கலக்காமல். ஒரு கொப்பியில் எட்டு வாரத்துக்குக் கோடு போட்டுக் குறியுங்கள்: இந்தியர் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், எதைத் தொட்டார்கள், விலை கேட்டார்களா, வாங்கினார்களா, எப்படிக் கட்டினார்கள், வாங்காவிட்டால் கடைசியாக என்ன சொன்னார்கள். அந்தக் கடைசிப் பத்தி ஆக முக்கியம். ‘அளவில்லை’ என்பதும் ‘விலை கூட’ என்பதும் ‘இது எங்கள் ஊரிலும் இருக்கிறது’ என்பதும் மூன்று வேறு நோய்கள். முதலாவதை அடுத்த தொகுதியில் சரிசெய்யலாம். இரண்டாவதற்கு மாற்றுக் கணக்குப் பலகை உதவும். மூன்றாவது அடிக்கடி வந்தால் அந்தப் பொருளை நிறுத்திவிடுங்கள்.

எட்டு வாரத்தில் 60 இல் 48 துண்டு முழு விலைக்கு இந்தியரிடமே போயிருந்தால், அதுதான் மேலே கணக்குப் போட்ட மாதம் 24. அப்போது வங்கிக்குக் கொப்பியோடு போகலாம். 25, 30 அளவில் நின்றால் கைக்காசிலேயே அடுத்த 60 எடுத்துச் சுழற்றுங்கள், கடன் வேண்டாம். 15 க்குக் கீழே என்றால் மிச்சத்தை உள்ளூர் வாடிக்கையாளருக்குத் தீபாவளிக்கும் நத்தாருக்கும் 20 வீதக் கழிவில் போட்டாலும் துண்டுக்கு 6,000 கைக்கு வரும். கொள்விலைக்குக் கீழே இறங்காது.